ஊசி இறங்கும் இடம்



மறைந்த தோழரின் நினைவாக நடக்கும் இந்தப் பேருரையில் அவரைப் புகழ்ந்து நேரம் போக்கினால் அதை முதலில் கண்டித்திருப்பவர் அவராகத்தான் இருப்பார். ஆகவே அவர் விரும்பிச் செய்துவந்த வேலையையே நாமும் செய்வோம். எங்கோ நடந்த ஒரு வரலாற்றை எடுத்துக்கொண்டு, அதில் நமக்கு என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

எடுத்துக்கொண்ட பொருள் சிலருக்கு விந்தையாகப் படலாம். நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில், 1970களில், கறுப்பினப் பிள்ளைகளும் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகளும் நடத்திய டிஜே போட்டிகள். டிஜே என்றால் கல்யாண வரவேற்பில் பாட்டுப் போடுகிறவர்தானே, அதில் என்ன வரலாறு என்று கேட்கலாம். வரலாறு இருக்கிறது. அனுபவம் மிக்க ஒரு எதிராளியின் முன்னால், பணமும் பெயரும் கருவியும் இல்லாத ஒருவர் எப்படித் தயாராகிறார் என்கிற கேள்விக்கு அந்தப் பிள்ளைகள் தங்கள் கைகளால் பதில் எழுதினார்கள்.

இந்தக் கேள்வி நமக்குப் புதிதல்ல. ஆய்வுப் படிப்புக்கான நேர்காணலுக்குப் போகும் நம் பிள்ளை, மூன்று தலைமுறையாக அந்த அறைக்குள் போய்வந்த குடும்பத்துப் பிள்ளையோடுதான் ஒரே வரிசையில் நிற்கிறது. நீதிமன்றத்திலும் இதழ் அலுவலகத்திலும் இதே வரிசைதான். அந்தப் பக்கம் இருப்பதை ‘தகுதி’ என்கிறார்கள். அந்தத் தகுதி எதனால் ஆனது என்று பிரித்துப் பார்க்க பிராங்க்ஸ் பிள்ளைகளின் கதை உதவும்.

அந்தக் கறுப்பின மக்களோடு நமக்குள்ள உறவும் நேற்று தொடங்கியதல்ல. 1873இல் ஜோதிராவ் புலே தம்முடைய ‘குலாம்கிரி’யை அமெரிக்காவில் அடிமைமுறையை ஒழிக்கப் பாடுபட்ட மக்களுக்குக் காணிக்கையாக்கினார். 1946இல் அண்ணல் அம்பேத்கர் கறுப்பின அறிஞர் டபிள்யூ. இ. பி. டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1972இல் பம்பாயில் தலித் பேந்தர் இயக்கம் பிறந்தபோது அதன் பெயர் அமெரிக்காவின் பிளாக் பேந்தரிலிருந்து வந்தது. அதற்கு அடுத்த ஆண்டில், புலேயின் நூல் வெளியாகிச் சரியாக நூறு ஆண்டுகள் கழித்து, பிராங்க்ஸில் ஒரு பெண் தன் அண்ணனை வைத்து ஒரு சிறு விருந்து நடத்தினாள். அங்கே போவதற்கு முன் ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரத்துக்குப் போக வேண்டும். அந்த அண்ணன் அங்கே பிறந்தவன்.

1

1950களின் கிங்ஸ்டனில் ஏழைகளுக்கு நடன மண்டபம் கிடையாது, வாத்தியக் குழுவை அமர்த்தப் பணமும் கிடையாது. அவர்களுக்கு இருந்தது சவுண்ட் சிஸ்டம். நம் ஊர்த் திருவிழாவுக்கு ரேடியோ செட் கட்டுகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். அலமாரி உயரத்துக்கு ஒலிபெருக்கிப் பெட்டிகள், ஆம்ப்ளிஃபையர், இசைத்தட்டுகள். திறந்தவெளியில் கட்டி, நுழைவுக்கு ஒரு சிறு தொகை வாங்கிக்கொண்டு ஆட விடுவார்கள். இரண்டு செட்டுகள் எதிரெதிரே கட்டி மோதுவதும் உண்டு. எந்தப் பக்கம் கூட்டம் சாய்கிறதோ அந்தப் பக்கம் வெற்றி.

அந்தக் களத்தின் பெரிய கைகள் இருவர். ஒருவர் டியூக் ரீட், முன்னாள் காவலர், மதுக்கடை உரிமையாளர். மற்றவர் காக்ஸன் டாட். அமெரிக்காவுக்குப் பண்ணைக் கூலியாகப் போய், அங்கிருந்து இசைத்தட்டுகளோடு திரும்பியவர். அன்றைக்குக் கிங்ஸ்டன் மக்கள் ஆடியது அமெரிக்கக் கறுப்பின இசைக்கு. ஆகவே யாரிடமும் இல்லாத அமெரிக்க இசைத்தட்டு எவரிடம் இருக்கிறதோ அவர்தான் பெரியவர். அது என்ன பாட்டு என்று எதிராளி கண்டுபிடித்துவிடக் கூடாது என்பதற்காக, தட்டின் நடுவில் ஒட்டியிருக்கும் லேபிளைச் சுரண்டி எடுத்துவிடுவார்கள். காக்ஸன் இப்படிச் சுரண்டிய ஒரு தட்டுக்குத் தன் பெயரையே வைத்துக்கொண்டு பல ஆண்டுகள் களத்தை ஆண்டார். கடைசியில் ரீட் அந்தத் தட்டைத் தேடிப் பிடித்து, காக்ஸன் இருந்த இடத்திலேயே போட்டுக் காட்டியபோது காக்ஸன் அப்படியே சாய்ந்துவிட்டார் என்று ஜமைக்காவில் இன்றும் கதை சொல்கிறார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. ‘அனுபவம்’ என்று வெளியே தெரிந்ததில் பெரும்பகுதி சேமிப்பு. தட்டுகளின் சேமிப்பு, வாட்டின் சேமிப்பு, அமெரிக்காவுக்குப் போய்வரும் வசதியின் சேமிப்பு. மேலே ஒரு பூச்சாக இரகசியம்.

இந்த இருவருக்கும் எதிராக இளையவர் ஒருவர் கிளம்பினார். பிரின்ஸ் பஸ்டர் என்று பெயர். 1938இல் பிறந்தவர். குத்துச்சண்டை பழகியவர், காக்ஸனிடமே வேலை பார்த்தவர். தனியே சவுண்ட் சிஸ்டம் தொடங்கி, அதற்கு ‘மக்களின் குரல்’ என்று பொருள்படும் பெயரை வைத்தார். அமெரிக்காவுக்குப் பண்ணை வேலைக்குப் போய்த் தட்டு வாங்கிவரலாம் என்று முயன்றார். அவரைத் தேர்ந்தெடுக்க மறுத்துவிட்டார்கள். பெரியவர்களின் ஆயுதம் அவருக்குக் கிடைக்காது என்பது அதோடு உறுதியாகிவிட்டது.

அவர் செய்தது இதுதான். கிங்ஸ்டனின் கிழக்கே வரைக்கா குன்றுப் பகுதிக்குப் போனார். அங்கே கவுன்ட் ஆசி என்ற முரசுக் கலைஞரும் அவருடைய குழுவும் இருந்தார்கள். அவர்கள் ரஸ்தஃபாரியர்கள். மேட்டுக்குடியின் கண்ணில் அழுக்கர்கள், காவல்துறையின் கண்ணில் குற்றவாளிகள். அவர்களுடைய முரசு அடிமைக் காலத்திலிருந்து வந்த புர்ரு மரபை உள்வாங்கியது. அந்த முரசோடு ஃபோக்ஸ் சகோதரர்களைப் பாட வைத்து, 1960ஐ ஒட்டி ‘ஓ கரோலினா’ என்ற பாடலைப் பதிவு செய்தார் பஸ்டர். அமெரிக்காவின் எந்தக் கடையிலும் வாங்க முடியாத ஒலி அது. ஒதுக்கப்பட்டவர்களின் தோலிசைக் கருவி ஜமைக்காவின் பொது இசைக்குள் அந்த வழியாக வந்தது. இந்த அவையில் அதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. பறையைத் தொட்டாலே தீட்டு என்று சொன்னவர்களையும், அதே பறையை மேடையில் ஏற்றியவர்களையும் பார்த்தவர்கள் நாம்.

2

கிங்ஸ்டனில் இந்த மோதல்களை ஒரு சிறுவனாகப் பார்த்து வளர்ந்தவர் கிளைவ் கேம்பல். 1955இல் பிறந்து, 1967இல் குடும்பத்தோடு பிராங்க்ஸுக்கு வந்தார். பின்னாளில் டிஜே கூல் ஹெர்க் என்று அறியப்பட்டார்.

அவர் வந்து சேர்ந்த பிராங்க்ஸின் நிலையைச் சொல்ல வேண்டும். 1948 முதல் அந்தப் பகுதியின் குறுக்கே ஒரு விரைவுச்சாலையை வெட்டிக்கொண்டு போனார்கள். ராபர்ட் மோசஸ் என்ற அதிகாரியின் திட்டம் அது. கிழக்கு டிரெமான்ட் பகுதியில் ஒரே ஒரு மைல் நீளத்துக்காக 1,530 குடும்பங்களின் வீடுகள் போயின. முடிந்தவர்கள் வெளியேறினார்கள், ஏழைகள் தங்கினார்கள். வீட்டு உரிமையாளர்கள் பழுது பார்ப்பதை நிறுத்தினார்கள். காப்பீட்டுத் தொகைக்காகத் தீ வைத்தவர்களும் இருந்தார்கள். அதே காலத்தில் மாநகராட்சி ஏழைப் பகுதிகளின் தீயணைப்பு நிலையங்களை மூடியது. 1970க்கும் 1980க்கும் இடையில் பிராங்க்ஸின் ஏழு கணக்கெடுப்புப் பகுதிகள் தங்கள் கட்டடங்களில் 97 சதவீதத்துக்கும் மேல் இழந்தன. 1975இல் நகரத்தின் கஜானா காலியானபோது பள்ளிகளில் ஆயிரக்கணக்கான ஆசிரியர்களை வேலைநீக்கம் செய்தார்கள். இசை வகுப்புகள் முதலில் வெட்டப்பட்டவற்றில் இருந்தன. வயலினும் டிரம்பெட்டும் கற்றுக்கொள்ளும் வழி மூடியது. வீட்டில் மிஞ்சியது அப்பாவின் இசைத்தட்டுகள்.

தெருக்களைக் குழுக்கள் பங்கு போட்டுக்கொண்டிருந்தன. 1971 டிசம்பரில் கெட்டோ பிரதர்ஸ் என்ற குழுவின் சமாதானத் தூதர், ஒரு சண்டையை விலக்கப் போன இடத்தில் அடித்துக் கொல்லப்பட்டார். பழிவாங்குவார்கள் என்று நகரமே எதிர்பார்த்தது. அவர்கள் பழிவாங்கவில்லை. பகைக் குழுக்களை ஹோ அவென்யூவில் ஒரே இடத்தில் கூட்டிச் சமாதானம் பேசினார்கள். அதன் பிறகுதான் ஒரு தெருப் பிள்ளை இன்னொரு தெருவின் கொண்டாட்டத்துக்குப் போவது மெல்ல மெல்லச் சாத்தியமானது. டிஜே போட்டிக்கு முன்தேவை இந்த அமைதி. கத்தியால் தீர்த்ததை இனி ஒலியால் தீர்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் அந்த நிலத்தில்தான் முளைத்தது.

1973 ஆகஸ்ட் 11 அன்று, செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் குடியிருப்பின் பொது அறையில் அந்த விருந்து நடந்தது. நடத்தியவர் ஹெர்க்கின் தங்கை சிண்டி கேம்பல். பள்ளி திறக்கும் முன் புதுத்துணி வாங்கப் பணம் வேண்டும் என்பதே நோக்கம். பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட் கட்டணம். உலகமெங்கும் பரவிய ஒரு கலையின் பிறந்தநாளாக இன்று கொண்டாடப்படுவது இதுதான். அதன் அமைப்பாளர் ஒரு பள்ளி மாணவி என்பதை வரலாறு அடிக்கடி மறந்துவிடுகிறது. நாம் மறக்க வேண்டாம்.

ஹெர்க்கின் பலம் இரண்டு. முதலாவது, செட். அவர் தந்தை வாங்கிய ஷூர் ஒலிபெருக்கியின் முழுச் சத்தத்தை எப்படி எடுப்பது என்று தெரிந்த அக்கம்பக்கத்தார் சொல்லிக்கொடுக்க மறுத்தார்கள். ஹெர்க் தானே ஒயர்களை மாற்றி மாற்றிக் கண்டுபிடித்தார். இரண்டாவது, கூட்டத்தைப் படிக்கும் கண். ஒரு பாட்டில் பாடல் வரிகள் ஓய்ந்து தாளம் மட்டும் தனித்து ஒலிக்கும் சில நொடிகள் உண்டு. அதைப் பிரேக் என்பார்கள். ஆட்டக்காரர்கள் காத்திருப்பது அதற்குத்தான் என்று அவர் கவனித்தார். ஒரே தட்டின் இரண்டு பிரதிகளை வைத்துக்கொண்டு, ஒன்றில் பிரேக் முடியும்போது இன்னொன்றில் தொடங்கி, சில நொடிகளைப் பல நிமிடங்களாக நீட்டினார். தட்டின் பெயரைக் காட்டாதே, அதில்தான் உன் மதிப்பு இருக்கிறது என்பது தந்தை அவருக்குச் சொன்ன அறிவுரை. ஹெர்க் லேபிள்களைத் தண்ணீரில் ஊற வைத்து உரித்தெடுத்தார். கிங்ஸ்டனின் பழக்கம் பிராங்க்ஸுக்குக் குடிபெயர்ந்தது இப்படித்தான்.

3

அந்த ஹெர்க்கைக் கூட்டத்தில் ஒருவனாக நின்று பார்த்துக்கொண்டிருந்தவர் ஜோசப் சாட்லர். 1958இல் பார்படோஸ் தீவில் பிறந்து பிராங்க்ஸில் வளர்ந்தவர். தொழிற்பள்ளியில் மின்னணுவியல் படித்தவர். கைவிடப்பட்ட கார்களிலிருந்தும் குப்பையிலிருந்தும் ஒலிபெருக்கிகளையும் ஒயர்களையும் கழற்றி வந்து வீட்டில் கோத்தவர். பின்னாளில் கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ்.

தன் சிறிய செட்டோடு இருந்த நாட்களில் ஹெர்க்கின் நிகழ்ச்சி ஒன்றுக்குப் போன கதையை ஃபிளாஷே சொல்லியிருக்கிறார். ஹெர்க் அவரைக் கூட்டத்தில் பார்த்துவிட்டு, எதிரொலிக் கருவி வழியாக மைக்கில் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். நல்ல டிஜேவுக்கு உச்ச ஒலி வேண்டும் என்று சொல்லி அதைத் தட்டிக் காட்டினார். அடி ஒலி வேண்டும் என்று சொல்லி மண்டபத்தையே அதிர வைத்தார். மொத்தக் கூட்டத்தின் முன்னால் ஃபிளாஷ் கூனிக் குறுகினார். ‘உன்னிடம் என்ன இருக்கிறது?’ என்ற கேள்விதான் அது. எத்தனை வகுப்பறைகளில், எத்தனை விதமான சொற்களில் இந்தக் கேள்வி நம்மிடம் கேட்கப்பட்டிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

ஃபிளாஷின் தயாரிப்பு அவமானத்தோடு நிற்கவில்லை. எதிராளியின் பலத்தை அவர் இரண்டாகப் பிரித்துப் பார்த்தார். ஹெர்க்கின் வாட்டை அவரால் வாங்க முடியாது. ஆனால் ஹெர்க்கின் கைவேலையில் ஒரு ஓட்டை இருந்தது. அவர் ஒரு தட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது ஊசி எங்கே இறங்கும் என்பது குத்துமதிப்புதான். தாளம் தடுமாறும், ஆட்டக்காரரின் கால் ஒரு நொடி தொங்கும். பெரிய சத்தத்தில் அது மறைந்துவிடும். காது கொடுத்துக் கேட்டவருக்கு மறையாது. அதே நாட்களில் பீட் டிஜே ஜோன்ஸ் என்ற மூத்தவர், பெரியவர்களுக்கான டிஸ்கோ நிகழ்ச்சிகளில் பாட்டுக்குப் பாட்டு இடைவெளி தெரியாமல் இணைப்பதையும் ஃபிளாஷ் கவனித்தார். ஒருவரிடம் சரியான பாட்டு, இன்னொருவரிடம் சரியான இணைப்பு. இரண்டையும் சேர்த்தால் என்ன?

பிறகு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். முதல் சிக்கல்: அடுத்த தட்டில் ஊசி எங்கே நிற்கிறது என்பது கூட்டத்துக்குக் கேட்கும் முன் தனக்குக் கேட்க வேண்டும். அந்த வசதி உள்ள மிக்ஸர் வாங்கப் பணமில்லை. இருபக்கமும் சாயும் ஒரு சாதாரண சுவிட்சைத் தன் மிக்ஸரோடு பொருத்தி, ஹெட்போனில் இந்தத் தட்டையும் அந்தத் தட்டையும் மாறி மாறிக் கேட்கும்படி செய்துகொண்டார். இரண்டாவது: டர்ன்டேபிள் மேலிருந்த ரப்பர் விரிப்பு தட்டைப் பிடித்துக்கொண்டது, கை சொன்னபடி நகரவில்லை. அம்மா தையல் தெரிந்தவர். அவர் வழியாகக் கம்பளித் துணி வகையான ஃபெல்ட்டை அறிந்து, தட்டின் அளவுக்கு வட்டமாக வெட்டி, கஞ்சி போட்டு இஸ்திரி செய்து விறைக்க வைத்து, தட்டுக்கு அடியில் போட்டார். தட்டு வழுக்கியது, அடியில் மேடை சுழன்றுகொண்டே இருந்தது. மூன்றாவது: பிரேக் எங்கே தொடங்குகிறது? தட்டின் மேல் கிரேயானால் கோடு போட்டார். கடிகார முள்ளைப் போல அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே, எத்தனை சுற்று பின்னுக்குத் திருப்பினால் தாளம் மறுபடி அதே இடத்துக்கு வரும் என்று கணக்கிட்டார்.

தட்டின் பரப்பைக் கையால் தொடவே கூடாது என்பதுதான் அன்றைய விதி. ஓரத்தைப் பிடி, அழுக்குப்படும், கீறல் விழும். ஃபிளாஷ் முழுக் கையையும் தட்டின் மேல் வைத்தார். தொடக் கூடாது என்று சொல்லப்பட்டதைத் தொட்டதில்தான் அந்தக் கலையின் கதவு திறந்தது. இதற்கு மேல் இதை நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை.

4

இந்த இடத்தில் கதையை முடித்தால் அது தன்முன்னேற்றப் புத்தகமாகிவிடும். நடந்தது வேறு.

ஃபிளாஷ் தன் புதிய வித்தையை எடுத்துக்கொண்டு பூங்காவுக்குப் போனார். தாளம் ஒரு இழை பிசகாமல் வெட்டி வெட்டி ஒட்டினார். கூட்டம் வெடிக்கும் என்று எதிர்பார்த்தார். யாரும் ஆடவில்லை. பாடம் கேட்கிறவர்களைப் போல நின்று அவர் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்குப் போய் நாட்கணக்கில் அழுததாக அவரே சொல்லியிருக்கிறார்.

எங்கே பிசகு? எதிராளியை விடத் திறமையாகச் செய்வதற்குத் தயாரானார். யாருக்காகச் செய்கிறோமோ அவர்களோடு பேசத் தயாராகவில்லை. ஹெர்க்கின் கைவேலையில் ஓட்டை இருந்தாலும், வந்தவர்களின் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் குரல் அவரிடம் இருந்தது. நாமும் இப்படித் தோற்றிருக்கிறோம். கோட்பாட்டில் ஒரு பிழை இல்லாத கட்டுரையைச் சேரியின் கூட்டத்தில் வாசித்துவிட்டு, ஏன் எல்லோரும் மௌனமாக இருக்கிறார்கள் என்று நாம் விழித்ததுண்டு.

ஃபிளாஷ் அடுத்துச் செய்தது மைக்கை வேறொருவர் கையில் கொடுத்தது. கவ்பாய் என்ற இளைஞர் வந்து கூட்டத்தைக் கையைத் தூக்கச் சொன்னார், கூட்டம் தூக்கியது. பிறகு மெல்லி மெல், கிட் கிரியோல் ஆகிய சகோதரர்கள் சேர்ந்தார்கள். கைவேலை ஒருவர், குரல் மூவர். 1976இல் அவர்கள் ஆடுபான் மண்டபத்தில் நிகழ்ச்சி நடத்துமளவுக்கு வந்துவிட்டார்கள். அந்த மண்டபத்தை நீங்கள் அறிவீர்கள். 1965 பிப்ரவரி 21 அன்று மால்கம் எக்ஸ் சுட்டுக் கொல்லப்பட்டது அங்கேதான். பதினோரு ஆண்டுகள் கழித்து, அதே மண்டபத்தைத் தனியொருவனின் சாமர்த்தியம் நிரப்பவில்லை, ஒரு குழு நிரப்பியது.

ஃபிளாஷின் கூட்டாளி ஒருவருக்குத் தியடோர் என்று ஒரு தம்பி. 1963இல் பிறந்தவன். டர்ன்டேபிளுக்குக் கை எட்டாததால் பால் புட்டிகள் வரும் பெட்டியின் மேல் ஏறி நின்று பழகினான். 1970களின் நடுவில் ஒரு நாள், அறையில் சத்தமாகப் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது அம்மா கதவைத் திறந்து திட்டினார். அவர் பேசும் வரை தட்டைக் கையால் நிறுத்திப் பிடித்தான். கை சும்மா இருக்காமல் தட்டை முன்னும் பின்னும் லேசாக அசைத்தது. ஊசி எழுப்பிய அந்த உராய்வு ஒலி அவன் காதில் விழுந்தது. அதுதான் இன்று உலகமெங்கும் ஸ்கிராட்ச் எனப்படுவது. அம்மா திட்டியதைப் பலரும் சொல்வார்கள். அதற்குப் பிறகு நடந்தது இன்னும் முக்கியம். கேட்ட மறுநாளே அவன் அதை மேடையில் காட்டிவிடவில்லை. மாதக்கணக்கில் அறைக்குள் பழகி, தாளத்தோடு சேரும்படி பண்படுத்திய பிறகே கூட்டத்தின் முன் வைத்தான். தற்செயல் எல்லோருக்கும் நேரும். அதைக் கலையாக்குவது பழக்கம்.

இதே காலத்தில் மெர்சிடிஸ் லேடிஸ் என்ற பெயரில் பெண்கள் மட்டுமே கொண்ட குழு ஒன்று பிராங்க்ஸில் எழுந்தது. டிஜேயும் பெண், மைக்கிலும் பெண். மற்றவர்களுக்கு எதிராளி ஒரு பக்கம்தான். அவர்களுக்கோ மேடைக்கு எதிரேயும் எதிராளி, மேடைக்குப் பின்னேயும் எதிராளி. இதையும் நம் தோழியர் விளக்கமில்லாமலே புரிந்துகொள்வார்கள்.

5

1977 ஜூலை 13 இரவு நியூயார்க் நகரமே இருளில் மூழ்கியது. அந்த நேரத்தில் கிராண்ட்மாஸ்டர் காஸ் என்ற இளைஞர் தன் கூட்டாளியோடு பிராங்க்ஸ் பூங்கா ஒன்றில் தெருவிளக்குக் கம்பத்திலிருந்து மின்சாரம் எடுத்துப் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். தட்டு மெல்ல மெல்ல நின்றது. தாங்கள்தான் ஊரின் மின்சாரத்தைக் கெடுத்துவிட்டோம் என்று முதலில் பயந்துபோனார்களாம். அன்றிரவு கடைகள் உடைபட்டன. தானும் ஒரு மிக்ஸரை எடுத்துவந்ததைக் காஸ் பின்னாளில் ஒளிக்காமல் சொன்னார். அதன் பிறகு புதிய டிஜே குழுக்கள் பல முளைத்தன என்பது அந்தக் காலத்தவர்கள் சொல்லும் சாட்சியம். சூறையை நாம் கொண்டாட வரவில்லை. உடைபட்ட சிறு கடைகளின் உரிமையாளர்களும் அந்தப் பகுதி மனிதர்களே. ஆனால் ‘திறமை இல்லை’ என்று சொல்லப்பட்ட இடத்தில், கருவி கைக்கு வந்ததும் இத்தனை பேர் களமிறங்கினார்கள் என்றால், இல்லாமல் இருந்தது எது என்ற கேள்வியை வரலாறு கேட்கத்தான் செய்கிறது.

அந்தக் காஸுக்கு இரண்டு ஆண்டுகளில் நடந்ததுதான் இந்த உரையின் கசப்பான பகுதி. 1979இல் ‘ராப்பர்ஸ் டிலைட்’ என்ற இசைத்தட்டு வெளிவந்து உலகமெங்கும் விற்றது. பாடியது பிராங்க்ஸ் பூங்காக்கள் அறியாத, பதிவு நிறுவனம் கூட்டிச் சேர்த்த ஒரு குழு. அதில் ஒருவர் பாடிய வரிகள் காஸின் குறிப்பேட்டிலிருந்து வந்தவை. காஸின் மேடைப் பெயரைக்கூட மாற்றாமல் பாடினார். தட்டில் காஸின் பெயர் இல்லை. அந்தப் பாட்டில் டிஜேயும் இல்லை. வாத்தியக் குழு ஒன்று ‘ஷிக்’ இசைக்குழுவின் ‘குட் டைம்ஸ்’ பாட்டின் இசையை வாசித்தது. ஷிக் குழுவினர் சட்டத்தின் துணையோடு வந்து, இயற்றியவர்களாகத் தங்கள் பெயரைப் போட வைத்தார்கள். காஸுக்கு அந்த வழி தெரியாது. ஒரே தட்டு, இரண்டு உரிமை. பெயர் ஏறியது, தாளைக் கையாளத் தெரிந்தவர்களுக்கு மட்டும்.

ஃபிளாஷின் கைவேலை 1981இல் ஒரு பதிவில் முழுமையாக வந்தது. மூன்று டர்ன்டேபிள்களில் நேரடியாக வாசித்த பதிவு அது. அடுத்த ஆண்டு, சேரி வாழ்க்கையின் நெருக்கடியைச் சொன்ன ‘தி மெசேஜ்’ வெளிவந்தபோது உறையில் ஃபிளாஷின் பெயர் முதலில் இருந்தது, பாட்டுக்குள் அவருடைய கை இல்லை. நிறுவனத்தோடு வழக்குக்குப் போக வேண்டியதாயிற்று. ஹெர்க்கோ 1977இல் தன் நிகழ்ச்சியிலேயே கத்திக்குத்துப்பட்டுக் களத்திலிருந்து ஒதுங்கினார். 2011இல் உடல்நலம் குன்றியபோது மருத்துவக் காப்பீடு இல்லாத அவருக்காக அன்பர்கள் பணம் திரட்ட வேண்டியிருந்தது. ராக் அண்ட் ரோல் புகழரங்கம் அவரைக் கௌரவித்தது 2023இல், விருந்து நடந்து ஐம்பது ஆண்டுகள் கழித்து.

ஆக, அந்தப் பிள்ளைகளின் உண்மையான அனுபவசாலி எதிராளி யார்? ஃபிளாஷ் அதை ஹெர்க் என்று நினைத்தார். ஹெர்க் அக்கம்பக்கத்துச் செட்டுக்காரர்கள் என்று நினைத்தார். உண்மையில் அது பூங்காவுக்கே வராதது. மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ஒப்பந்தத்தை நீட்டியது. பல பத்தாண்டுகளாகக் கறுப்பின இசையை வாங்கி விற்ற பழக்கம் அதற்கு இருந்தது. ஊசி எங்கே இறங்கும் என்று நூலிழை அளவுக்குத் தெரிந்த கைகள், கையெழுத்து எங்கே இறங்குகிறது என்று பார்க்கப் பழகவில்லை.

லேபிளை உரித்த பழக்கத்தையும் இந்த இடத்தில் மீண்டும் நினைக்க வேண்டும். சக டிஜேக்களிடமிருந்து பெயரை மறைத்தார்கள். மறைப்பு பக்கத்துத் தெருக்காரரைத் தடுத்தது, நிறுவனத்தைத் தடுக்கவில்லை. நமக்குள் ஒருவருக்கொருவர் இரகசியம் காக்கிற அளவுக்கு, வெளியே நம் பெயரைப் பதிவு செய்துகொள்வதில் நாம் கவனமாக இருக்கிறோமா? நம் பாட்டன்மார் பாடிய தெம்மாங்கும் நம் தெருவின் கானாவும் யார் பெயரில் ஏறியிருக்கின்றன என்று பார்த்தால் விடை தெரியும்.

6

மாணவத் தோழர்களுக்கு நாம் சொல்ல விரும்புவது இந்த வரலாற்றிலிருந்தே வருகிறது.

எதிராளியின் அனுபவத்தைக் கண்டு மிரள்வதற்கு முன் அதைப் பிரித்துப் பாருங்கள். அதில் எவ்வளவு சேமிப்பு, எவ்வளவு சத்தம், எவ்வளவு கைவேலை? சேமிப்பை ஒரே இரவில் உண்டாக்க முடியாது. அதற்காகத்தான் இடஒதுக்கீடும் நூலகமும் விடுதியும் உதவித்தொகையும் கேட்டுப் போராடுகிறோம். அவை சலுகையல்ல, களத்துக்கான கருவிகள். கைவேலையை மட்டும் உண்டாக்கிக்கொள்ள முடியும், அதற்குக் கதவைச் சாத்திக்கொண்டு உழைக்கும் மாதங்கள் தேவை. எதிராளியிடம் இருப்பதையே பிரதியெடுக்காமல், நம்மிடம் இழிவென்று ஒதுக்கப்பட்டதற்குள் என்ன ஒலி இருக்கிறது என்று பஸ்டரைப் போலத் தேடுங்கள். சென்னையில் 2018 ஜனவரியில் முதல் மேடை ஏறிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ கானாவையும் ராப்பையும் ராக்கையும் ஒரே மேடையில் சேர்த்தபோது செய்தது இதுதான். அதன் பெயர்கூட அயோத்திதாசப் பண்டிதரின் சாதியற்ற தமிழர் என்ற சிந்தனையிலிருந்து வந்தது.

எவ்வளவு தேர்ந்தாலும் மைக்கைப் பகிர்ந்துகொள்ளுங்கள். ஆடாத கூட்டத்தின் முன் திறமைக்கு வேலையில்லை. தட்டில் என்ன இருக்கிறது என்பதை அடுத்த பிள்ளைக்குக் காட்டுங்கள். அவன் கைக்கு எட்டவில்லை என்றால் ஒரு பெட்டியைப் போட்டு ஏற்றிவிடுங்கள். பிறகு ஒப்பந்தத்தைப் படியுங்கள், சட்டத்தைப் படியுங்கள், உங்கள் பெயரை எழுதுங்கள்.

2007இல் செட்ஜ்விக் அவென்யூ 1520ஐ ஏழைகளுக்குக் கட்டுபடியாகும் வீடுகள் என்ற திட்டத்திலிருந்து விலக்கிக்கொள்ள அதன் உரிமையாளர் முயன்றபோது, குடியிருந்தவர்கள் எதிர்த்து நின்றார்கள். ஹெர்க்கும் அவர்களோடு வந்து நின்றார். கலை பிறந்த கட்டடம் என்ற பெயரை, அங்கே வாழ்ந்த ஏழைகளின் வாடகையைக் காக்கும் வாதமாக மாற்றினார்கள். இசைத்தட்டு உலகத்தில் தோற்ற ஒருவர், ஐம்பது வயதைக் கடந்து, வேறொரு களத்தில் தயாராகி வந்து நின்றார். மறைந்த நம் தோழர் இதைக் கேட்டிருந்தால், அடுத்த கூட்டம் எப்போது, என்ன படிக்க வேண்டும் என்றுதான் கேட்டிருப்பார்.

அந்தக் கேள்வியோடு முடித்துக்கொள்கிறோம். ஜெய்பீம்.